ஏசி இல்லாத வீட்டில் ஏசிக் குழாய்

பயந்த மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானே ஒரு பயந்தாங்கொள்ளிதான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் கொட்டாஞ்சேனை அன்ரியைப் போலப் பயத்தை ஒழுங்காக, நேரம் ஒதுக்கி, ஒரு உத்தியோகம் மாதிரிப் பார்த்த ஆளை வேறெங்கும் நான் காணவில்லை. அவருடைய வீட்டு மேல்மாடி அறையில் நாலு வருடம் வாடகைக்கு இருந்தேன். வவுனியாவிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்து, கனடாவில் இருந்த என் மனிசனிடம் போவதற்கு விசாவை எதிர்பார்த்துக்கொண்டிருந்த காலம். பொலிஸ் ரிப்போர்ட்டில் என் பெயருக்கு எதிரே ஒரு வரி விழுந்தாலும் எல்லாம் போய்விடும் என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். ஆறு வருடமாகப் புருசனைத் தொலைபேசியில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு அதை இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை.

அன்ரியின் வீட்டில் பதில் இல்லாத பொருள் எதுவும் இருக்க முடியாது. யாராவது சீருடைக்காரர் வாசலில் வந்து நின்று, இது என்ன, எதற்கு என்று கேட்டால் உடனே சொல்ல ஒரு பதில் வேண்டும். ஒருநாள் கரண்ட் அடிக்கடி போகிறதே என்று டோர்ச்சுக்கு எட்டு பற்றரி வாங்கி வந்தேன். அன்ரி அவற்றை மேசையில் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு டோர்ச்சுக்கு நாலு காணும். மிச்ச நாலுக்கு என்ன சொல்லுவாய்?"

"பிறகு போடுறதுக்கு எண்டு சொல்லுவன், அன்ரி."

"பிறகு எண்டா எப்ப எண்டு கேப்பினம்."

மிச்ச நாலையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டார். பின் முற்றத்தில் முன்பு ரோசா வைத்திருந்தாராம். பற்றரியைப் போல உரமும் குண்டு செய்யத்தான் என்று நினைப்பார்களாம், உரப்பையை வீட்டில் வைத்திருப்பதற்கு ஒரு நல்ல பதில் கிடைக்கவில்லை என்று ரோசாவையே விட்டுவிட்டார். செடிகள் செத்த சாடிகள் மதிலோரம் வரிசையாக இருந்தன. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆறு மாதம் போக, கடையில் ஒரு சாமானைக் கையில் எடுத்ததும் எனக்கும் பதில் தேட வந்துவிட்டது. பயம் அப்படித்தான், ஒரு வீட்டில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட மனிசிக்கு இருந்த பொழுதுபோக்கு என்ன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வானொலி. கேட்கிற வானொலி அல்ல, பேசுகிற வானொலி. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்ற் கந்தோரில் முப்பது வருடம் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிற பகுதியில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு சோதனை எழுதி, அலைந்து திரிந்து, அரசாங்க லைசன்ஸ் எடுத்து, மோர்ஸ் தட்டி உலகத்தில் எங்கோ இருக்கிற முன்பின் தெரியாத ஆட்களோடு கதைத்தார். லைசன்ஸ் பிளாஸ்ரிக் உறைக்குள் அலுமாரியில் இருந்தது. பிரதி ஒன்று அரிசி வாளிக்குப் பின்னால். இன்னொன்று மாதா படத்துக்குப் பின்னால்.

"அப்பிடி என்னத்தை அன்ரி அவங்களோட கதைக்கிறனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்டுமில்லை. நீ தட்டுறது எனக்குக் கேக்குது, நான் தட்டுறது உனக்குக் கேக்குதா. கேக்குது. அவ்வளவுதான்."

"அதுக்கா இவ்வளவு?"

"உனக்கு விளங்காது, பிள்ளை. கேக்குது எண்டு ஒருத்தன் சொன்னா அண்டைக்கு எனக்கு நல்லா நித்திரை வரும்."

எனக்கு நித்திரை வராமல் போனது வேறு கதை. தமிழாள் வீட்டில் செய்தி அனுப்புகிற மெசின். லைசன்ஸ் இருந்தால் என்ன, லைசன்சை வாசிக்கும் வரை யார் பொறுப்பார்கள்? வேறு அறை பார்க்கவேண்டும் என்று மாதம் ஒருமுறை முடிவெடுப்பேன். ஆனால் கொழும்பில் வடக்கு விலாசத்து அடையாள அட்டையோடு தனியாக இருக்கிற பெண்ணுக்கு யார் அறை தருவார்கள்? அன்ரி ஒரு கேள்வியும் கேட்காமல் தந்தவர். அதனால் இருந்தேன்.

கூரையில் கம்பி கட்டினால் றோட்டில் போகிறவனுக்கெல்லாம் தெரியும். அதனால் அறைக்குள்ளேயே வைக்கக்கூடிய ஒரு ஏரியலைச் செய்யத் தொடங்கினார். ஒரு மீற்றர் அகலத்தில் உலோக வளையம், உச்சியில் சின்ன வெட்டு, அந்த வெட்டில் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று போய்வருகிற ஒரு கொண்டென்சர். பார்க்க ஒன்றுமில்லை, பெரிய தோடு மாதிரி. ஆனால் செய்தி அனுப்பும்போது அந்த வெட்டில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்குமாம். கிட்டப் போனால் தோல் வெந்துவிடும் என்று என்னை அந்த அறை வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

வளையத்தை எந்த உலோகத்தில் செய்வது என்பதில்தான் ஒரு வருடம் போனது. மற்றவர்கள் எது நன்றாக வேலை செய்யும் என்று பார்ப்பார்கள். அன்ரி எதற்குப் பதில் இருக்கிறது என்று பார்த்தார். முதலில் அலுமினியம். திரைச்சீலை போடுகிற குழாயை வாங்கி வளைத்து, உடுப்புக் காயப்போடுகிற வளையம் என்று பதில் வைத்தார். வெறும் பதிலோடு விடவில்லை. கிளிப் போட்டுக் காலுறைகளையும் தொங்கவிட்டார். என்னுடைய காலுறைகள். அனுப்ப முன்னம் கழற்றி, அனுப்பின பிறகு திரும்பக் கொழுவுவார்.

அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது. ஆணி போட்டு இறுக்கிய இடம் துறைமுகத்து உப்புக் காற்றில் ஒரு மாதத்தில் வெள்ளை பூத்துவிட்டது. மெசினை நிறுத்திவிட்டு அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இளஞ்சூடாக இருந்தது.

"வெளிய போகவேண்டியது இதில சூடாப் போகுது. இந்த வளையத்தில அலையாப் போறது கொஞ்சம்தான் பிள்ளை. உலோகம் தான் தின்னவெண்டு நிக்கும். ஒரு பொட்டுத் தடை கூடினாலும் முடிஞ்சுது."

அடுத்தது கேபிள் ரீவியின் தடித்த வயர். அதன் வெளிப் பின்னலில் கரண்ட் ஓடட்டும் என்று வளைத்துக் கட்டினார். பதிலைப் பொறுத்தவரை அதைப்போல உத்தமமான பொருள் கிடையாது. கேபிள் ரீவி என்றால் யார் கேள்வி கேட்பார்கள்? ஆனால் பின்னலில் இழைக்கு இழை தாவித் தாவிக் களைத்து, அலை இந்தியாக் கரையைத் தாண்ட மறுத்தது. அன்ரி இரண்டு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

செம்புதான் சரி என்று அவருக்கு முதல் நாளே தெரியும். கம்பி வேண்டாம், குழாய். இந்த வேகத்தில் கரண்ட் உலோகத்தின் தோலில் மட்டும்தான் ஓடும், உள்ளே வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை, வெளிச் சுற்று தடிப்பாக இருக்கவேண்டும், நடுவில் ஒட்டு இருக்கக்கூடாது. எல்லாம் தெரியும். பதில்தான் இல்லை.

"தண்ணிக்குப் பிளாஸ்ரிக் பைப். காஸுக்கு ரப்பர். செப்புக் குழாய் எதுக்கு எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?" என்று சோற்றைப் பிசைந்தபடி என்னைக் கேட்பார், ஏதோ நான் செப்புக் குழாய் ஆராய்ச்சிக்காரி மாதிரி.

பதிலைக் கொடுத்தவர் எங்கள் தெரு முனையில் பிரிட்ஜும் ஏசியும் திருத்துகிற நானா. முஸ்லிம் ஆம்பிளைகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இருபது வருடமாக அந்தக் கடையில் இருக்கிற மெலிந்த மனிதர். வியர்த்து வழிய அடுத்தவர் வீட்டுக் குளிரைத் திருத்துகிறேன் என்று தன்னைத்தானே பகிடி பண்ணுவார். ஒரு சனிக்கிழமை அன்ரி என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனார். கடைக்கு வெளியே யாருமில்லை என்று பார்த்துவிட்டு, வானொலி, லைசன்ஸ், வளையம், எல்லாவற்றையும் மெல்லிய குரலில் சொன்னார். நானா கேட்டுவிட்டு, ஏசிக்குப் பூட்டுகிற, கையால் வளைக்கக்கூடிய செப்புக் குழாய்ச் சுருளைக் கீழே இறக்கினார்.

"இதுதானே மிஸ். பத்தடி வெட்டித் தார. யாராச்சும் கேட்டா ஏன்ட பேரச் சொல்லுங்க. மிஸ்ட ஊட்டுக்கு ஏசி பூட்டக் குடுத்த எண்டு நான் சொல்ற."

"அப்ப நானும் அதைத்தான் சொல்லுவன், நானா. ஏசிக் குழாய். மாத்தமாட்டன்."

"மாத்த வாணாம். ரெண்டு பேரும் ஒண்டச் சொன்னாச் சரி."

எனக்கு அப்போது ஒரு சின்னச் சந்தேகம். வீட்டில் ஏசியே இல்லையே என்றேன். இனித்தானே பூட்டப்போகிறேன் என்றார் அன்ரி. அவருடைய முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று திரும்பி நடக்கும்போது சொன்னார். சண்டைக் காலத்தில் அவருடைய தம்பியை வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் வைத்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். தமிழ் ஆட்கள் எத்தனை பேர் போய்ச் சொல்லியும் எடுபடவில்லை. ஒரு முஸ்லிம் கடை முதலாளி ஸ்டேசனுக்குப் போய், இந்தப் பெடியனை எனக்குத் தெரியும் என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

"அண்டையில இருந்து எனக்குத் தெரியும், பிள்ளை. எங்கட வாயில இருந்து வாற பதில் காணாது. நானாமார் ஒராள் எங்களுக்காகச் சொல்லவேணும்."

நானா பின்னேரம் வீட்டுக்கு வந்து, பின் முற்றத்துத் தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி அந்தக் குழாயை மடிப்பு விழாமல் வளைத்தார். ஒட்டே இல்லாத வளையம். வெட்டின் இரண்டு முனையிலும் செப்புத் தகட்டை நெருப்பில் காய்ச்சி ஒட்டிக் கொடுத்தார். அடுத்த நாள் ஜப்பானில் இருக்கிற ஒருவர் கேட்கிறது என்று பதில் தட்டினார். அன்ரி கையால் வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்து குலுங்கினார். பிறகு எழுந்து போய் யன்னலைச் சாத்தினார். சிரிப்பும் வெளியே கேட்டுவிடும் என்ற பயம்.

அதற்கு அடுத்த வருடம்தான், ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்துக் கோயிலிலும் வெடித்தது. வழக்கமாக அங்கே பூசை காணப் போகிற அன்ரி அன்று முழங்கால் வலியால் போகவில்லை. ஊரடங்கு, சவப்பெட்டிகள், தெருவெல்லாம் வெள்ளைக் கொடி. அந்த நாட்களைப் பற்றி நான் அதிகம் எழுதமாட்டேன்.

குண்டு வைத்தது ஒரு முஸ்லிம் குழு என்று செய்தி வந்தது, பிறகு வீடு வீடாகச் சோதனை. எங்கள் வீட்டுக்கு ஒரு காலை பத்து மணிக்கு வந்தார்கள். ஒரு பொலிஸ் அதிகாரி, நாலு ஆமிக்காரர். என்னுடைய பாஸ்போர்ட்டையும் விசாக் கடிதங்களையும் அதிகாரி கையில் வாங்கி வைத்துக்கொண்டார். விசாவுக்குப் பொலிஸ் ரிப்போர்ட் கேட்டு நான் எழுதிப்போட்டு இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. பிறகு அதிகாரி அன்ரியின் அறைக்குள் போய் வளையத்துக்கு முன்னால் நின்றார்.

"மேக்க மொகத்த, அம்மே?" இது என்ன என்று கேட்டார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

ஏசிக் குழாய் என்று சொல்லப்போகிறார், இவர்கள் ஏசியைக் காட்டு என்று கேட்கப்போகிறார்கள், என்னுடைய கனடா இந்த அறையிலேயே முடியப்போகிறது என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் மெசின் பக்கத்திலேயே இருந்தது. அன்ரி அதைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், அலுமாரியைத் திறந்து லைசன்சை எடுத்துக் கொடுத்தார். நல்ல சிங்களத்தில் உண்மையை அப்படியே சொன்னார். இது வானொலி, இது ஏரியல், இது அனுமதி. குரல் நடுங்கவில்லை. அதிகாரி வாசித்தார். யாருக்கோ போன் எடுத்து இலக்கத்தைச் சொன்னார். சரி என்று தலையாட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போகிற போக்கில் அவர் குழாயைத் தட்டி, இதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். அன்ரி சிரித்த முகத்தோடு, ஒரு வருடமாகத் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னார். தெரு முனையில் நானாவின் கடை, அவர்தான் வளைத்தும் தந்தவர், அவரைக் கேளுங்கள், அவருக்கு என்னை இருபது வருடமாகத் தெரியும்.

அதிகாரியின் முகம் மாறியது. பெயரைத் திரும்பக் கேட்டார். எழுதினார். கடை எத்தனையாவது, வேறு என்னவெல்லாம் செய்து தருவார், யார் யார் அங்கே வந்து போவார்கள் என்று கேட்டார். அன்ரி, நல்ல மனிசன், நல்ல மனிசன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முப்பது வருடத்துக்கு முந்திய கொழும்பில் நின்று அவர் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அது விளங்கியது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அப்போதே விளங்கியது. ஆனால் அதிகாரி என் பாஸ்போர்ட்டைத் திருப்பி நீட்டினார். நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றேன்.

பின்னேரம் ஊரடங்குக்கு முன்னால் நானாவின் மனைவி ஓடி வந்தார். முந்தானை தலையில் நிற்கவில்லை.

"மிஸ், அவர ஏத்திட்டுப் போய்ட்டாங்க. மிஸ்ஸுக்கு எதுக்குக் குழாய் குடுத்த எண்டு கேட்டாங்களாம். ஏசி பூட்டத்தான், வேறொண்டும் தெரியா எண்டு சொல்லீக்கார். அந்த ஊட்டுல ஏசி இல்லியே, ஏன் பொய் சொல்ற எண்டு அடிச்சீக்கிறாங்க. மிஸ்ஸக் காட்டிக் குடுக்கப்படாது எண்டுதான் மிஸ் அவர் அப்பிடிச் சொன்ன."

அன்ரி கதிரையில் இருந்தார். "நான் மாத்திப்போட்டன். மாத்தமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு நான்தான் மாத்திப்போட்டன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. விடிந்ததும் கோயிலுக்கு உடுக்கிற சேலையை உடுத்து, லைசன்சையும் அதன் இரண்டு பிரதிகளையும் பையில் வைத்து, மேசையிலிருந்து வளையத்தைக் கழற்றினார். என்னிடம் வந்தார்.

"பிள்ளை, நீயும் வா. நானா அண்டைக்கு ஏசிக் கதையைச் சொல்லேக்க நீயும் நிண்டனிதானே. எனக்காகத்தான் அவர் பொய் சொன்னவர் எண்டு ரெண்டு பேர் சொன்னா நம்புவினம். நான் தனியச் சொன்னா, கிழவி உளறுது எண்டுவினம்."

"என்ர விசா, அன்ரி."

ஸ்டேசன் புத்தகத்தில் என் பெயர் எழுதப்படுவது கண்ணுக்குள் தெரிந்தது. அன்ரி வளையத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஓம். அதுவும் சரிதான்," என்றார். கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

எட்டு பற்றரிக்குப் பயந்த மனிசி. செருப்பு வாரை இரண்டு தரம் தவறவிட்டு, மூன்றாம் தரம் கொழுவினார். திரீவீல் ஆட்டோவுக்குள் வளையம் குறுக்காகத்தான் நின்றது. ஒரு பக்கத்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, தெரு முழுக்கப் பார்க்க, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனார். நான் கதவைப் பூட்டி, மேல் தாழ்ப்பாளையும் போட்டு, பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்தேன். பின்னேரம் நாலு மணிவரை அப்படியே இருந்தேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

திரும்பி வந்தவர், எல்லாம் சொல்லிவிட்டேன், எழுதி எடுத்தார்கள், வளையத்தை வைத்துக்கொண்டார்கள் என்றார். தேத்தண்ணி கேட்டார். மூன்றாம் நாள் நானாவை விட்டார்கள். இடது காது சரியாகக் கேட்காமல் போயிருந்தது. கடையைத் திறக்க ஒரு மாதம் எடுத்தது. அன்ரி அதற்குப் பிறகு வேறு வளையம் செய்யவில்லை. என்னை ஏன் வரவில்லை என்று ஒருநாளும் கேட்கவுமில்லை.

என் பொலிஸ் ரிப்போர்ட் ஒரு வரியும் இல்லாமல் சுத்தமாக வந்தது. விசாவும் வந்தது. போவதற்கு முதல் நாள் நானாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். போகாமல் விட்டால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் தெரு முனையில் அவருடைய கடையைத் தாண்டித்தான் எதற்கும் போகவேண்டும். அவர் கண்டவுடன் எழுந்து, கதிரையைத் துடைத்துப் போட்டு, பக்கத்துக் கடையில் பிளேன்ரீ சொன்னார். என் குரல் கேட்பதற்காக வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"மிஸ் எல்லாம் சொன்னாங்க. நீங்களும் அண்டக்கி வந்தீங்களாமே. உங்கள உள்ளுக்கு உட இல்லியாம், வெயில்ல வெளிய திரீவீலுக்குள்ளயே பின்னேரம் வரைக்கும் இருந்தீங்களாம். விசா விசயமும் ஈக்கிற நேரத்துல யாரு செய்வாங்க இப்பிடி? ஏன்ட பொஞ்சாதி ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்குத் துஆ கேக்கிற."

பிளேன்ரீ வந்தது. அவர் என் வாயைப் பார்த்தபடி இருந்தார்.

"ஓம் நானா," என்றேன். "வெளியிலதான் இருந்தனான்."